செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு ஒரு தெருவின் வெக்கையைத் தணிப்பது எப்படி?

பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் லட்சக்கணக்கான கோடி மெல்லிய தகடுகளை நிறுத்தி, நம்மீது விழும் வெயிலில் சுமார் 1.8 விழுக்காட்டைத் தடுக்கலாம் என்று வானியலாளர் ரோஜர் ஏஞ்சல் 2006-இல் எழுதினார். அது இன்னும் ஏட்டளவில்தான் இருக்கிறது. மதுரையில் செல்லூரிலும் மாசி வீதிகளிலும் சித்திரை வெயிலில் தகிக்கும் மொட்டை மாடிகளுக்கு இன்றைக்கே உதவக்கூடியவை லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் எடுக்கும் வெப்பப் படங்கள்.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு, மேகமில்லாத ஏப்ரல் அல்லது மே மாத நாளொன்றில் மதுரையின் தரை வெப்பப் படத்தைப் பதிவிறக்குங்கள். கோடை மழைக்கு மறுநாள் எடுத்த படம் வேண்டாம். ஈரம் உலரும்வரை தரையின் உண்மையான சூடு தெரியாது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். அதை 0.00341802-ஆல் பெருக்கி, 149-ஐக் கூட்டி, 273.15-ஐக் கழித்தால் வருவது டிகிரி செல்சியஸ். 48,000 என்ற எண்ணுக்கு ஏறத்தாழ 39.9 டிகிரி.

இது காற்றின் வெப்பமன்று. காலை பத்தரை மணியை ஒட்டித் தரையும் கூரையும் கொண்டிருக்கும் சூடு. பளபளக்கும் தகரக் கூரை வெப்பத்தைக் குறைவாகவே உமிழ்வதால் படத்தில் குளிர்ந்ததுபோல் தோன்றும். ஆகவே, படத்தில் சூடாகத் தெரியும் இடங்களோடு தகரக் கூரைகள் மிகுந்த பகுதிகளையும் நேரில் சென்று பார்ப்பது கட்டாயம்.

செயற்கைக்கோளின் வெப்ப உணரி பிரித்துப் பார்க்கும் மிகச் சிறிய பரப்பு 100 மீட்டர் நீள அகலம் கொண்டது. கோப்பில் 30 மீட்டர் கட்டங்களாகத் தெரிந்தாலும் அளவீட்டின் நுட்பம் அவ்வளவுதான். ஒரு மாடிக்கு மட்டும் வெயிலைத் திருப்பியனுப்பும் சுண்ணாம்பு அடித்தால் வெக்கை தணிவதை அந்த வீட்டார் உணர்வார்கள், செயற்கைக்கோள் உணராது. எனவே அடுத்தடுத்த தெருக்களாகச் சேர்ந்து, பங்குனிக்குள் மாடிகளைக் கழுவிக் காயவிட்டு, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு முறை பூசுங்கள். வெற்றிடம் இருந்தால் வேம்பும் புங்கையும் நடுங்கள். அவற்றின் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.

அடுத்த கோடையில் அதே மாதத்துப் படத்தை எடுங்கள். ஓர் ஆண்டின் வெயில் இன்னோர் ஆண்டில் அடிக்காது என்பதால், உங்கள் பகுதியின் எண்ணை மட்டும் ஒப்பிடாமல், அருகில் சுண்ணாம்பு பூசாத, அதே நெருக்கமுள்ள பகுதியோடு உள்ள வேறுபாட்டை இரண்டு ஆண்டுகளிலும் கணக்கிட்டுப் பாருங்கள். இரு செயற்கைக்கோள்களும் மாறிமாறி 8 நாளுக்கு ஒருமுறை கடப்பதால், ஒரே படத்தை நம்பாமல் மூன்று நான்கு படங்களின் சராசரியை வைத்து முடிவு செய்யலாம்.