தீசிஸ் இங்கிலீஷைத் திருத்துவது எப்படி? ஒரு சுற்றுக்கு ஒரு பிழை

ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் பிடிக்கப் பார்த்தால் எதுவும் சிக்காது. சாப்டரை பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு வகைப் பிழை மட்டும்.

முதல் சுற்று: ஒருமை, பன்மை. மதுரைப் பக்கம் 'மாடுங்க வந்துச்சு' என்றுதான் பேசுகிறோம். 'வந்தன' எழுத்தோடு சரி. அஃறிணைப் பன்மையைக் கண்டுகொள்ளாத இந்தப் பழக்கம்தான் 'சாம்பிள்ஸ் வாஸ் கலெக்டட்' என்று எழுத வைக்கிறது. அதைவிட மோசம், எழுவாயும் வினையும் தள்ளித் தள்ளி நிற்கும் வாக்கியம்:

'தி குவாலிட்டி ஆஃப் தி சாம்பிள்ஸ் கலெக்டட் ஃப்ரம் தி வைகை வேர் புவர்.'

'ஆஃப்' தொடங்கி 'வைகை' வரை பென்சிலால் அடைத்துவிட்டுப் படியுங்கள். மிஞ்சுவது குவாலிட்டி, அதற்கு 'வாஸ்'தான். பக்கத்தில் நிற்கும் 'சாம்பிள்ஸ்' வினையைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது: எ, அன், தி. முதல் முறை சொல்லும்போது 'எ சர்வே', அடுத்து அதையே சுட்டும்போது 'தி சர்வே'. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'எவிடென்ஸ்' மூன்றுக்கும் முன்னால் 'எ' வராது, பின்னால் 'எஸ்' வராது. எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள்: 'எ யுனிவர்சிட்டி', 'அன் எம்.ஃபில். ஸ்காலர்'.

மூன்றாவது: காலம். நீங்கள் செய்த வேலைக்கு இறந்தகாலம்; 'டேபிள் 3 ஷோஸ்' நிகழ்காலம்.

பிறகு கன்ட்ரோல் எஃப் அழுத்தி 'டிஸ்கஸ் அபவுட்', 'கம்ப்ரைசஸ் ஆஃப்' இரண்டையும் தேடி 'அபவுட்'டையும் 'ஆஃப்'பையும் வெட்டுங்கள். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' இருந்தால் அதையும்.

கடைசியில்தான் வேர்டில் எஃப்7, அதாவது ஸ்பெல்லிங், கிராமர் செக். அதற்கு முன் கன்ட்ரோல் ஏ கொடுத்து, ரிவ்யூ, லாங்குவேஜ், செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ் போங்கள். 'டூ நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்' கட்டத்தில் டிக் இருந்தால் எடுங்கள். வேறு ஃபைலிலிருந்து ஒட்டிய பத்திகளில் இந்த டிக் ஒளிந்திருக்கும். வேர்டு அவற்றைச் சரிபார்க்காமல் தாண்டிப் போய்விடும், நாமும் பிழையே இல்லை என்று நம்பிவிடுவோம். மொழி, யு.கே. இங்கிலீஷ் போதும். 'சுங்குடி', 'ஜிகர்தண்டா' அடியில் சிவப்புக் கோடு வந்தால் ஆட் டு டிக்ஷனரி. வாக்கியத்தையே மாற்றி எழுதித் தரும் ஏஐ கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. துறைச் சொல்லையும் சேர்த்து மாற்றிவிடும்.

பின்சேர்க்கை: 'டேட்டா இஸ்' சரியா, 'டேட்டா ஆர்' சரியா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் செல்லும். கைடு எதைக் கேட்கிறாரோ அதை எல்லா சாப்டரிலும் ஒரே மாதிரி வையுங்கள்.