பழைய கார் கிளம்பவில்லையா? பிளக்கிலிருந்து பின்னோக்கித் தேடும் முறை

தண்டையார்பேட்டையில், காசிமேட்டுக் கடற்காற்று தடையின்றி வந்து சேரும் ஒரு தெருவில், பிரீமியர் பத்மினி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். காலையில் அது கிளம்ப மறுத்தால், டீக்கடையில் நிற்பவர்கூட "பிளக்க மாத்திடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆரம்பத்தில் நானும் அந்தப் பேச்சைக் கேட்டு, பெட்ரோலை மின்பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளைப் புதிது புதிதாக வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் ஓடும், பிறகு பழைய கதைதான். மின்சாரம் கடைசியாக வந்து சேரும் இடம் பிளக் என்பதால், வழியில் எங்கே கோளாறு இருந்தாலும் அது அங்கேதான் முகம் காட்டும் என்பது எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. பிளக்கில் தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் பொறி உண்டா என்று பார்த்துக்கொண்டே பின்னோக்கிப் போகும் முறையை இங்கே விளக்குகிறேன். பத்மினிக்கும், 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும், பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) வைத்த பிற பழைய சிறு கார்களுக்கும் இது பொருந்தும். பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பங்கிடும் பகுதி) உள்ள மாருதி 800 வைத்திருப்பவர்கள் பாயின்ட், கண்டென்சர் (பாயின்டில் பொறி பறக்காமல் காக்கும் சிறு உருளை) பற்றிய படிகளை மட்டும் விட்டுவிடலாம்.

தேவையானவை மிகக் குறைவு: பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), நைசான உப்புத்தாள், கைப்பிடியில் ரப்பர் உறை போட்ட குறடு, இரண்டு வயர் இணைத்த 12 வோல்ட் சிறு பல்பு ஒன்று. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். பிளக்குக்குப் போகும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் என்பதால் வெறுங்கையால் அந்த வயரைத் தொட வேண்டாம். பெட்ரோல் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறி பார்க்கவும் வேண்டாம்.

முதல் படி: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். பத்மினியின் ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டில் திருகினால் மரை போய்விடும். எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்பது மறந்துவிடாதபடி வரிசையாக ஒரு துணியில் அடுக்குங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, சோக் முழுமையாகத் திறக்கவில்லை, அல்லது பொறி பலவீனமாக இருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். அதற்கு இந்தக் கட்டுரையில் மருந்தில்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பற்றவில்லை என்று பொருள். மேற்கொண்டு படிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பிளக் நுனியில் பொறி தாண்டும் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். இவ்வகைக் கார்களுக்குச் சுமார் 0.6 மி.மீ. போதும், காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டாம் படி: பொறி உண்டா?

கழற்றிய பிளக்கில் அதன் வயரை மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியைத் தொடும்படி, திறந்திருக்கும் பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சட் சட் என்ற ஓசையோடு பொறி பாய்ந்தால் கரண்டு வருகிறது. கோளாறு பெட்ரோல் பக்கமோ டைமிங்கிலோ இருக்கலாம். மஞ்சளாக மெலிந்து தெரிந்தால் அது இருந்தும் இல்லாத கணக்குதான்.

பொறி இல்லையென்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த காயில் வயரை (12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும் காயிலிலிருந்து வருவது) உருவி, ரப்பர் உறைக் குறடால் பிடித்து, அதன் முனையை எஞ்சின் உலோகத்துக்கு ஐந்தாறு மி.மீ. தூரத்தில் நிறுத்தி மீண்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. இங்கே நல்ல பொறி வந்து பிளக்கில் வரவில்லையென்றால் குற்றம் மூடி, ரோட்டார் (மூடிக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக் முனைக்கும் கரண்டைக் கொடுக்கும் துண்டு), பிளக் வயர் ஆகிய மூன்றுக்குள்தான், இல்லையேல் அந்தப் பிளக்கிலேயே. இங்கேயும் வரவில்லையென்றால் நான்காம் படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: மூடி, ரோட்டார், வயர்கள்

வடசென்னைக்காரர்கள் நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை கடலோரம் நிற்கும் கார்களில் உப்பு ஈரம் மூடிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மார்கழிப் பனியில் மூடியைக் கழற்றினால் உள்சுவரில் வியர்வை போல முத்து முத்தாக நீர் நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். பொறி ரோட்டாரிலிருந்து பிளக் முனைக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே எர்த்துக்கு, அதாவது எஞ்சின் உலோகத்துக்கு, ஓடிவிடும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மூடியை அரைமணி நேரம் வெயிலில் வைத்தால் பல நாட்கள் அதோடு வேலை முடிந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கத்துத் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு என் வண்டியில் மூடியைக் காயவைத்தபின்னும் ஒரு சிலிண்டர் எழவில்லை. மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, பென்சிலால் கீறியது போன்ற கறுப்புக் கோடு ஒன்று இரண்டு முனைகளுக்கிடையே ஓடியிருந்தது. அந்தக் கோடு கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும். அதைச் சுரண்டிப் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும்.

மூடியின் நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறு கார்பன் துண்டு விரலால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். ரோட்டார் சந்தேகமாக இருந்தால், அதை அதன் இடத்திலேயே விட்டு, காயில் வயரின் முனையை ரோட்டாரின் நடு உலோகத்துக்கு மேல் சில மி.மீ. தூரத்தில் பிடித்து, மூடிய நிலையில் இருக்கும் பாயின்டை மரப்பிடி ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை திறந்துவிடுங்கள். ரோட்டாருக்குப் பொறி பாய்ந்தால் அதன் உடலில் ஓட்டை விழுந்து கரண்டு தண்டில் இறங்குகிறது.

பிளக் வயர்களுக்கு இரவுதான் உகந்த நேரம். தெருவிளக்கு படாத இடத்தில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், கசியும் வயரில் மெல்லிய நீலப் பொறிகள் பூச்சி போல நெளிவது தெரியும்.

நான்காம் படி: பாயின்ட்

பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் கம்பிச்சுற்றில் கரண்டு ஓடிக் காந்தப்புலம் சேர்கிறது. பாயின்ட் திறக்கும் கணத்தில் அது சரிந்து, இரண்டாம் சுற்றில் பெரும் மின்னழுத்தமாக எழுகிறது. ஆகவே பாயின்ட் சுத்தமாக மூடுவதும் சரியாகத் திறப்பதும் சம அளவில் முக்கியம். பத்மினியில் முழுமையாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மி.மீ.க்குச் சற்று மேலும், ஹெரால்டில் 0.38 மி.மீ. அளவிலும் இருக்க வேண்டும். முகம் கறுத்திருந்தால் உப்புத்தாளை மடித்து இடையில் வைத்து இரண்டு மூன்று முறை இழுத்து, பிறகு வெள்ளைக் காகிதத்தால் துடைத்துவிடுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் சற்று நகரும் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது பல்பை எடுங்கள். ஒரு வயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மற்றதை எர்த்திலும் வைத்து, சாவியைத் திருப்பி, எஞ்சினை மெல்லச் சுற்றுங்கள். பாயின்ட் திறக்கும்போது பல்பு எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது அழுக்கால் தொடர்பு கிடைக்கவில்லை. எரியவே இல்லையென்றால் பல்பைக் காயிலின் மறுமுனையில் வையுங்கள்; அங்கேயும் எரியாவிட்டால் சாவி வரை உள்ள வயரில் துண்டிப்பு இருக்கிறது. அங்கே எரிந்தால் பாயின்ட் பக்கமோ கண்டென்சரோ எர்த்தாகியிருக்க வேண்டும், இல்லையேல் காயிலின் உள்சுற்று அறுந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கண்டென்சரும் காயிலும்

ஒரு சித்திரை மதியம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நீண்ட நேரம் எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தேன். கேட் திறந்ததும் வண்டி இரண்டு முறை இருமி அணைந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஓரமாகத் தள்ளி அரைமணி ஆறவைத்ததும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. பட்டறையில் காட்டியபோது புதுக் காயில் விற்றார்கள், மறுவாரம் அதே இடத்தில் அதே கதை நடந்தது. கடைசியில் கோளாறு கண்டென்சரில் இருந்தது. குளிரில் ஓடிச் சூட்டில் அணைவதும், பாயின்ட் முகம் சீக்கிரம் கருகுவதும், பாயின்டில் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய பொறி பறப்பதும் அதன் அடையாளங்கள். சோதித்து நேரம் கழிக்காமல் புதியதை மாட்டிப் பார்ப்பதே மலிவான வழி. காயில் மீது சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் முதல் சுற்றை அளந்து பாருங்கள். பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தனி மின்தடை) இல்லாத 12 வோல்ட் காயிலில் சுமார் 3 ஓம் காட்டும்.

திரும்ப மாட்டும்போது

பிளக்கை முதலில் விரலாலேயே அடிவரை திருகுங்கள். விரலுக்கு முரண்டு பிடித்தால் மரை சாய்ந்திருக்கிறது, கழற்றி மீண்டும் தொடங்குங்கள். பிறகு ஸ்பேனரால், புது வாஷர் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் அதில் கால் பங்கு. பத்மினி, ஹெரால்டு இரண்டிலும் ரோட்டார் சுழலும் திசையில் வயர்கள் 1-3-4-2 என்ற சிலிண்டர் வரிசையில் போக வேண்டும். இரண்டு மாறினாலும் கார்புரேட்டரில் வெடிச்சத்தம் கேட்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மிஸ்ஸிங் இருந்தால், ரப்பர் உறைக் குறடால் வயர்களை ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து எடுத்து உடனே எர்த்தில் தொட்டு வையுங்கள். எதை எடுத்தும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால், அப்போது புதுப் பிளக் வாங்கலாம்.