குறைந்த விலை வால்வு ஆம்ப்ளிஃபயர்: வேலூரில் வாங்குபவருக்கான வழிகாட்டி

வால்வு ஆம்ப்ளிஃபயர், அதாவது சூடேறும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி, வாங்கப் போகிறவர், அதன் ஒலியைக் கேட்பதற்கும் முன்னால், இரண்டு கைகளாலும் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இஎல் 84 என்னும் பவர் வால்வுகள் நான்கைக் கொண்டு பக்கத்துக்குப் பத்து வாட்டுக்குச் சற்று மேல் தரும் புஷ்-புல் (பக்கத்துக்கு இரண்டு வால்வுகள் எதிரெதிராக இணைந்து வேலை செய்யும்) ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், அதன் எடை பெரும்பாலும் பத்துக் கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். ஒரு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள் ஆகியவற்றின் இரும்பும் செம்பும்தான் அந்த எடை. விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். வால்வின் பெயரை விசாரிப்பவர்கள் அதிகம். டிரான்ஸ்ஃபார்மரை விசாரிப்பவர்கள் குறைவு. என் கருத்தில், கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இரும்புக்குப் போக வேண்டும்.

காரணம் எளிது. இஎல் 84 புஷ்-புல் இணைக்கு ஏறத்தாழ 8,000 ஓம் சுமை தேவை. ஸ்பீக்கரோ 8 ஓம். இந்த இரண்டையும் பொருத்துவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரும்பு போதாவிட்டால் தாழ்ந்த சுருதிகளில் அது செறிவடைந்து (அதற்கு மேல் காந்தமேற முடியாமல்), தவிலின் தொப்பிப் பக்கமும் மிருதங்கத்தின் கும்கியும் உடல் இல்லாமல் ஒலிக்கும். ஒரே வால்வு வேலை செய்யும் சிங்கிள்-எண்டட் வகையில் நேர்மின்னோட்டமும் இரும்பைக் காந்தமாக்குவதால், அதற்குக் காற்று இடைவெளியும் இன்னும் பெரிய இரும்பும் வேண்டும். ஆகவே, மலிவு விலையில் சிங்கிள்-எண்டட்டைவிடப் புஷ்-புல்லே பாதுகாப்பான தேர்வு.

வால்வின் ஈர்ப்பு வெறும் ஏக்கம் அல்ல. அளவுக்கு மீறிய சிக்னல் வரும்போது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடும். எதிர்ப்பின்னூட்டம் (திரிபைக் குறைக்க வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி அனுப்புவது) குறைவாக உள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர் அதைப் படிப்படியாக வளைக்கும். சிங்கிள்-எண்டட் வகையில் எழும் திரிபு பெரும்பாலும் இரண்டாம் ஒத்திசை, அதாவது அசல் சுரத்தின் மேல் ஸ்தாயி. அதனால் காதை உறுத்துவதில்லை. நாகசுரக் கச்சேரியின் பதிவை ஐந்து வாட் ஆம்ப்ளிஃபயரில் கேட்டவர்களுக்கு இது புரியும். ஆனால் அந்த ஐந்து வாட் கூடத்தை நிறைக்க வேண்டுமானால், ஒரு வாட்டுக்கு 90 டெசிபெல் அல்லது அதற்கு மேல் தரும் ஸ்பீக்கர் வேண்டும். ஸ்பீக்கரை முடிவு செய்யாமல் ஆம்ப்ளிஃபயரைத் தேடக் கூடாது.

மிக மலிவான பெட்டிகள் பலவற்றில் 6ஜே1 போன்ற சிறு வால்வுகள் இரண்டு முன்நிலையில் மட்டும் இருக்கும். ஸ்பீக்கரை ஓட்டுவது ஒரு சிப். வால்வுக்கு அடியில் ஆரஞ்சு நிற எல்இடி எரிந்தால், அந்த வெளிச்சம் வாங்குபவரின் கண்ணுக்காக வைக்கப்பட்டது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத அத்தகைய பெட்டியை வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று எண்ணி வாங்க வேண்டாம்.

விற்பவர் இசைந்தால், மின்இணைப்பை முழுதாக எடுத்துவிட்டு அடித்தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வால்வு சாக்கெட் பீங்கானாக இருப்பது நல்லது. சாக்கெட்டை நேரடியாக சர்க்யூட் போர்டில் பற்றவைத்திருந்தால், ஒவ்வொரு காலைச் சுற்றியும் உள்ள ஈயத்தை டார்ச் அடித்துப் பார்க்கவும்: பளபளப்பு மங்கி, காலைச் சுற்றி முடி போன்ற மெல்லிய வளையம் தெரிந்தால், சூடேறி ஆறி ஆறி அந்த இணைப்பு விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். எர்த் கம்பி வளைய முனையோடு, பெயிண்ட் சுரண்டிய தகட்டில், தனி போல்ட்டில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். இது இல்லாத பெட்டியை என்ன விலைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே 300 வோல்ட்டும் அதற்கு மேலும் உண்டு; ஸ்விட்சை அணைத்த பின்பும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கக்கூடும். மீட்டரால் அளந்து உறுதிசெய்யாமல் உள்ளே விரல் போகக் கூடாது.

அடுத்தது மின்அழுத்தம். 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட இறக்குமதி ஆம்ப்ளிஃபயரை, இரவில் 250 வோல்ட் வரை ஏறக்கூடிய காட்பாடி வீட்டில் மாட்டினால், வால்வைச் சூடாக்கும், 6.3 வோல்ட் இருக்க வேண்டிய ஹீட்டர் இழைக்கு 7.1 வோல்ட்டுக்கு மேல் போகும். பத்து சதவீதக் கூடுதலைக்கூட அது தாண்டிவிடுகிறது. வால்வின் ஆயுள் குறைவதற்கு இதுவே போதும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட் டேப் (அந்த அழுத்தத்துக்கான தனி இணைப்பு முனை) உள்ளதா என்று கேட்க வேண்டும். இல்லையெனில், 24 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் செகண்டரியை (வெளியீட்டுச் சுருளை) எதிர்முகமாகத் தொடரில் இணைத்து அழுத்தத்தைக் குறைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றத் தெரிந்த வைண்டிங் கடைக்காரரிடம் இதைச் சொன்னால் ஃபியூஸோடு பெட்டியில் அடைத்துத் தருவார்.

அனுபவமுள்ள டெக்னீஷியன் கிடைத்தால் பயாஸையும் (சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பையும்) அளந்துவிடச் சொல்லுங்கள். ஒரு வால்வின் கேத்தோடு (எதிர்முனை) ரெசிஸ்டர் 270 ஓம், அதன் குறுக்கே 10.8 வோல்ட் என்றால் மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியர். ஆனோடுக்கும் (நேர்முனை) கேத்தோடுக்கும் இடையே 280 வோல்ட் இருந்தால், இரண்டையும் பெருக்கினால் வருவது 11.2 வாட். இதில் ஒரு சிறு பகுதி திரைக் கிரிட் என்னும் இடைவலையுடையது. இஎல் 84-இன் ஆனோடு வரம்பு 12 வாட். எனவே இது விளிம்பு, ஆனாலும் ஏற்கத்தக்கது. கணக்கு 14 வாட்டைக் காட்டினால் அந்த ஆம்ப்ளிஃபயர் வால்வுகளைத் தின்றுகொண்டே இருக்கும்.

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்தேக்கிகளில் 85 டிகிரிக்குப் பதிலாக 105 டிகிரி என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொது விதி. மூடிய அலமாரி கூடாது. மேலே ஒரு சாணுக்குக் குறையாமல் வெற்றிடம் விடவும். மதிய நேரத்தில், கேட்காதபோது அணைத்துவிடுவதே நல்லது.

ஸ்பீக்கர் கம்பி இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. சுமையற்ற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் அழுத்தம் எகிறி, உள்ளே பொறி பாய்ந்து சுருள் கெட்டுவிடும். வாங்கும்போதே அளவில் ஒத்த இணையாக (மேட்ச்டு பேர்) ஒரு ஜோடி பவர் வால்வுகளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பெங்களூரின் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் முன்பு தயாரித்த இஎல் 84 பழைய கடைகளில் கிடைத்தால் வால்வு டெஸ்டரில் சோதித்த பின்பே பணம் கொடுக்கவும். புதிதாக வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே தயாரிப்பு இன்றும் கிடைக்கிறது.