மிதக்கும் காந்த ரயில்: பக்கச் சுவரில்தான் சூட்சுமம்

வண்ணார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அறிவியல் கண்காட்சி நெருங்கினால் மிதக்கும் ரயில் மாதிரி செய்யப் பிள்ளைகள் காந்தம் கேட்டு வருவார்கள். அவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: வண்டியைத் தூக்குவதைக் காந்தம் பார்த்துக்கொள்ளும், பக்கவாட்டில் சரியாமல் பிடிப்பதுதான் உங்கள் வேலை.

நிலைக்காந்தங்களை மட்டும் எப்படி அடுக்கினாலும் இன்னொரு காந்தத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது. 1842இல் சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் போட்ட கணக்கிலிருந்து வரும் முடிவு அது. மேலும் கீழும் நிலையாக இருந்தால் பக்கத்தில் வழுக்கும். ஷாங்காயில் 2004 முதல் ஓடும் ரயிலில் மின்காந்தங்கள் பாதையின் அடியிலிருந்து மேல்நோக்கி இழுக்கின்றன. ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளியை ஓயாமல் அளந்து, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அது மிதக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை, சுவர் வேண்டும்.

இரண்டடி நேர்ப்பலகை எடுத்து ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அகல முகங்களில் துருவம் உள்ள கறுப்பு ஃபெரைட் காந்தங்கள் போதும். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் வரும் பட்டை வேண்டவே வேண்டாம். அதில் வடக்கும் தெற்கும் கோடு கோடாக மாறி மாறி இருக்கும், சற்று விலகினாலே விசை செத்துவிடும்.

காந்தங்களை ஒரே தூணாக ஒட்டவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேல் முகத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளி உள்ள முகமெல்லாம் ஒரே துருவம். பலகையில் தகரப் பட்டை பதித்து, அதன்மேல் புள்ளி மேலே தெரிய இரண்டு வரிசை ஒட்டுங்கள். பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளும். அரால்டைட் காயும்வரை ஒரு மரச்சட்டத்தால் அழுத்திக் கட்டி வையுங்கள். இடையில் சந்து விட்டால், ரோட்டுக் குழியில் இறங்கிய சக்கரம் மாதிரி வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும். வண்டி தெர்மாகோல், நான்கு மூலையிலும் காந்தம், புள்ளி கீழே பார்த்தபடி.

சுவருக்கு அலுமினியம் கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை. காந்தம் ஒட்டாதுதான், ஆனால் பக்கத்தில் காந்தம் ஓடினால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். வயரிங் வேலைக்கான பிவிசி பட்டியே நல்லது. வண்டிக்கு இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விட்டு, துல்லியமாக நேராக நிறுத்துங்கள். தெர்மாகோல் உரசும், அதனால் வண்டியின் பக்கங்களில் வழவழப்பான பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள்.

சரி, மிதக்கிறதா? காந்தம் ஒட்டாத, ஒரே எடையுள்ள சின்னப் பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்றி, இடைவெளியை அளந்து வரைபடம் போடுங்கள். கோடு நேராக வராது, வளையும். நெருங்க நெருங்கத் தள்ளுவிசை வேகமாகக் கூடுகிறது என்பதை உங்கள் கையாலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். கண்காட்சியில் வண்டியைவிட இந்தத் தாளைத்தான் நான் முன்னால் வைக்கச் சொல்வேன்.

ஓட்டுவதற்கு, முதலில் பலகையின் ஒரு முனையில் நோட்டு வைத்துச் சாயுங்கள். அப்புறம் பொம்மை ட்ரோனின் விசிறி மோட்டார். அதற்குள்ளும் காந்தம் உண்டு. பாதையிலிருந்து உயரத் தூக்கி, வண்டியின் நடுக்கோட்டில் வையுங்கள்.