ரணகள்ளி: வளர்ப்பதிலும் வாயில் போடுவதிலும் நடக்கும் தவறுகள்

ஒரு இலையைப் பறித்துச் சுவரோரம் போட்டால் போதும், விளிம்பில் இருக்கும் பள்ளங்களிலிருந்து கன்றுகள் எழும்பி வரும். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று சொல்வது இந்த ரணகள்ளியைத்தான். தொட்டிச் செடியாக எல்லோருக்கும் தெரிந்த செடம் வகைகளுக்கு நெருங்கிய சொந்தம், கிராசுலேசியே குடும்பம். பிறந்த இடம் மடகாஸ்கர். இவ்வளவு சுலபமாக வளர்வதாலேயே இதை யாரும் பெரிதாக யோசித்துக் கையாள்வதில்லை.

முதலில், செடியையே மாற்றி வாங்கி வருகிறார்கள். அசல் ரணகள்ளியின் இலை அகலமாக, சதைப்பற்றோடு, விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். அடி இலைகள் தனித்தனியாகவும், மேலே போகப்போக ஒரே காம்பில் மூன்று முதல் ஐந்து சிற்றிலைகளாகவும் வரும். ஒடித்தால் பால் வடியாது. இதே பெயரில் கைமாறும் இன்னொரு செடிக்கு இலை நீண்டு கூராக, அடிப்புறம் ஊதாத் திட்டுகளோடு இருக்கும். செடியில் இருக்கும்போதே இலை ஓரம் நெடுகக் குட்டிச் செடிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அது கலாஞ்சோ டைக்ரெமோன்டியானா, நச்சுத்தன்மை உள்ளது. அழகுக்கு வைக்கலாம், வாயில் வைக்கவே கூடாது.

அசல் செடி என்று உறுதியானாலும் ‘சிறுநீரகக் கல்லுக்குத் தினம் வெறும் வயிற்றில் இரண்டு இலை’ என்று மெல்லுவது சரியல்ல. இதிலும் பூஃபாடியனோலைடு என்ற, இதயத்தைத் தாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இந்த இனச் செடிகளை மேய்ந்து மாடுகள் செத்திருக்கின்றன; பூக்களில் நஞ்சு அதிகம். இதய நோய்க்கு டிகாக்சின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இதன் பக்கமே போகக்கூடாது. வீட்டில் ஆடு மாடு இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

‘எனக்குக் கல் விழுந்ததே’ என்று சிலர் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தண்ணீர் நிறையக் குடித்தாலே தானாக வெளியேறிவிடும். பேர் மட்டும் இலைக்குப் போய்விடுகிறது. கல் பெரிதாகிச் சிறுநீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருக்கும்போது இலையை நம்பி நாள் கடத்தினால் சிறுநீரகமே கெட்டுப்போகலாம். வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இலையை வாட்டிக் கட்டியில் வைத்துக் கட்டும் பழக்கமும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் காலில் உள்ள புண்ணுக்கு அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

‘இரவில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வையுங்கள்’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது பாதிதான் புரிந்துகொண்ட அறிவியல். இந்தச் செடி தண்ணீரைச் சேமிக்கப் பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்து வைக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதை எடுத்துத் தனக்கு உணவாகச் சமைக்கும்போதுதான் ஆக்சிஜன் உண்டாகும். இந்த உண்மைக்கு ஆரம்பப் புள்ளி நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். தரங்கம்பாடிக்கு மறைப்பணியாளராக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், இதன் இலை காலையில் புளிப்பதையும், உச்சிவேளைக்குள் அந்தப் புளிப்பு போய்விடுவதையும் கவனித்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1815-இல் அங்குள்ள இயற்கை அறிவியல் அமைப்பான லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சானது.

வளர்ப்பில் பெரிய வித்தை இல்லை. இலையை மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள், அது அழுகிப்போகும். ஈர மண்ணின் மேல் படுக்கவைத்தால் போதும். செம்மண்ணோடு ஆற்று மணலும் கொஞ்சம் மட்கிய எருவும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்தாவிட்டால் தண்டு அடியோடு கொழகொழத்துவிடும். காலை வெயில் படாத இடத்தில் வைத்தால் நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். பகல் குறுகும் பருவத்தில்தான் பூக்கும் என்பதால், ராத்திரி முழுக்க விளக்கு எரியும் இடத்தில் வைத்துவிட்டுப் பூவுக்குக் காத்திருக்க வேண்டாம். இலைக்கணுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி, ஆரம்பத்திலேயே துடைத்தெடுங்கள்.

கழித்த கிளைகளைக் குளத்தங்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டுவதுதான் யாரும் தவறாகவே நினைக்காத தவறு. ஹவாயிலும் கலாபகோஸ் தீவுகளிலும் இந்தச் செடி உள்ளூர்த் தாவரங்களை நெருக்கித் தள்ளும் களையாகிவிட்டது. ஓர் இலைத் துண்டு தப்பினாலும் முளைக்கும். எருக்குழியிலும் பச்சையாகப் போடாதீர்கள். சாக்கில் கட்டி வெயிலில் வைத்து, இலை சருகாகும் வரை விட்டு, அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள். சதைப்பற்று இருப்பதால் காய வாரக்கணக்கில் ஆகும்.