ஞாயிறு திருப்பலிக்கு முன்னுரை எழுதுவது எப்படி?

நம் கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறுதோறும் அன்பியங்கள் (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள்) முறைவைத்துத் திருப்பலி (பூசை) முன்னுரை, வாசக முன்னுரை, மன்றாட்டுகள் தயாரிக்கின்றன. பல நேரம் சனிக்கிழமை இரவில் பழைய நோட்டைப் பார்த்துப் படியெடுப்பதோடு அது முடிந்துவிடுகிறது. அந்தந்தக் காலத்தின் குரல் காணாமல் போவது இதனால்தான்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருவதால், முதலில் எந்த ஆண்டு என்று பாருங்கள். ஆண்டின் எண்ணை 3ஆல் வகுத்தால் மீதி 1 என்றால் முதல் ஆண்டு, மத்தேயு நற்செய்தி. மீதி 2 என்றால் இரண்டாம் ஆண்டு, மாற்கு. மீதி இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு, லூக்கா. 2026 முதல் ஆண்டு. ஆனால் வழிபாட்டு ஆண்டு திருவருகைக் காலத்தில் (கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களில்) தொடங்குவதால், 2026 நவம்பர் 29 முதலே 2027க்குரிய இரண்டாம் ஆண்டு வாசகங்கள் வந்துவிடும். பழைய நோட்டை நம்புகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எழுத உட்காரும்போது நற்செய்தியை முதலில் வாசியுங்கள், பிறகு முதல் வாசகம், அதன்பின் பதிலுரைப் பாடல். பொதுக்கால (சிறப்புக் காலங்களுக்கு வெளியே உள்ள) ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்திக்கு இணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வாசகமோ ஒரு திருமுகத்தை (பெரும்பாலும் பவுலின் கடிதத்தை) வாராவாரம் தொடர்ந்து வாசிப்பது. மூன்றையும் ஒரே கருத்துக்குள் இழுத்துக் கட்ட வேண்டியதில்லை. அப்படிக் கட்டினால் பவுல் சொல்லாததைச் சொன்னதாக எழுத நேரிடும்.

திருப்பலி முன்னுரைக்கு 80 முதல் 100 சொற்கள் போதும். நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடம் ஆகும். வாசக முன்னுரைக்கு 30 சொற்களைத் தாண்ட வேண்டாம். நற்செய்தி நிகழ்ச்சியை முன்கூட்டியே முழுக்கச் சொல்லிவிட்டால், அதை அறிவிக்கும்போது கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது. மறையுரை குருவின் பணி. முன்னுரையின் வேலை காதைத் திறப்பது மட்டுமே.

முதல் ஆண்டு தவக்காலம் 3ஆம் ஞாயிற்றுக்கு (விடுதலைப் பயணம் 17, யோவான் 4) முதல் வாசக முன்னுரை இப்படி இருக்கலாம்: “பாலைநிலத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மக்கள் மோசேயோடு வாதாடுகிறார்கள். கடவுள் நம்மோடு இருக்கிறாரா என்பதே அவர்களுடைய தாகத்துக்கு அடியில் இருக்கும் கேள்வி. கவனமுடன் கேட்போம்.” அன்றைய நற்செய்தியில் சமாரியப் பெண் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் போகிறார். மார்ச் மாதத்தில் குடத்தோடு வரிசையில் நிற்கும் நம் பெண்களுக்கு அந்த ஒரு வரியின் கனம் தெரியும். திருப்பலி முன்னுரையை அதிலிருந்தே தொடங்கலாம்.

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே குடிலையும் குழந்தையையும் எழுதிவிடாதீர்கள். டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையும் விழிப்பும் மனமாற்றமுமே மையம். 17 முதல்தான் பிறப்புக்கான நேரடி ஆயத்தம். வானவர் கீதத்தை (வானதூதரின் புகழ்ப்பாடலை) கிறிஸ்து பிறப்பு இரவுக்காகக் காத்துவைப்பதும் இந்த எதிர்பார்ப்பின் பகுதிதான். தவக்காலத்தில் அல்லேலூயாவும் பாடப்படுவதில்லை. முன்னுரையிலும் மன்றாட்டிலும் பழக்கத்தில் அந்தச் சொல் நுழைந்துவிடாமல் பாருங்கள்.

உயிர்ப்புப் பெருவிழாவில் தொடங்கும் பாஸ்கா காலம் 50 நாள். உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுவாரமே பழையபடி பாடுகளையும் கண்ணீரையும் எழுதத் தொடங்கிவிடுகிறோம். இது பெரிய இழப்பு. அந்த ஞாயிறுகளில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்து வருகிறது, தொடக்கத் திருச்சபை எப்படி வாழ்ந்தது என்று காட்டுகிறது. அன்பியத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

இரண்டாம் ஆண்டில் பொதுக்காலம் 17 முதல் 21ஆம் ஞாயிறு வரை யோவான் 6ஆம் அதிகாரம் தொடர்ந்து வரும். மூன்றாம் வாரத்துக்குள் எல்லாரும் அப்பத்தைப் பற்றி எழுதித் தீர்த்துவிடுவார்கள். முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்: பகிர்வு, தேடல், முணுமுணுப்பு, உணவாகும் உடல், விலகுவதா நிலைப்பதா என்ற முடிவு. 2027இல் 20ஆம் ஞாயிறு ஆகஸ்ட் 15இல் வருவதால் மரியாவின் விண்ணேற்பு வாசகங்களே அன்று வாசிக்கப்படும். அடுத்த ஞாயிறு சீடர்கள் ‘இது கடினமான பேச்சு’ என்னும்போது எந்தப் பேச்சு என்று மக்களுக்குத் தெரியாது. தம் சதையை உண்ணவும் இரத்தத்தைக் குடிக்கவும் இயேசு சொன்னதை முன்னுரையில் ஒரு வாக்கியத்தில் நினைவூட்டுங்கள்.

மன்றாட்டுகளுக்கு வரிசை உண்டு: திருச்சபை, நாட்டை ஆள்வோரும் உலகமும், துன்புறுவோர், நம் பங்கு. நான்கைந்து போதும். “கோயிலுக்கு வராதவர்கள் திருந்த வேண்டும்” என்பது மன்றாட்டு ஆகாது, அது மக்களைக் கண்டிப்பது. பங்கில் அந்த வாரம் நடந்த இறப்பு, கடலுக்குப் போனவர்கள், தேர்வு எழுதும் பிள்ளைகள் என்று எழுதினால் மக்களின் பதிலுரை தானாகவே உரக்க வரும்.

எழுதியதை வெள்ளிக்கிழமைக்குள் பங்குத்தந்தையிடம் காட்டி, வாசிப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். எழுத்து பெரியதாக, வரிகள் விட்டுவிட்டு இருக்கட்டும். ஒரு வாக்கியம் பக்கம் தாண்டக் கூடாது. வாசகமேடை இறைவார்த்தைக்குரியது என்பதால் முன்னுரைக்குத் தனி மைக் வையுங்கள்.