அரை மாரத்தான்: 6:10-லேயே நின்ற வேகம்

5 கி.மீ.யை 26 நிமிடத்தில் ஓட முடிந்தும் 21.1 கி.மீ.க்கு 2 மணி 10 நிமிடம் ஆனது, அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 நொடி (6:10). கணக்குப்படி 2 மணியை ஒட்டி வந்திருக்க வேண்டும். வாரம் நான்கு நாளும் ஒரே வேகத்தில் ஓடியதுதான் கோளாறு.

முதலில் செய்த தவறு: 400 மீட்டரை எட்டு முறை, மூச்சுமுட்ட. ஐந்தாவது சுற்றிலேயே வேகம் விழுந்தது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

பிறகு மாற்றியது இது. செவ்வாய்: 15 நிமிடம் மெதுவோட்டம், 800 மீட்டர் 4 முறை, ஒவ்வொன்றும் 4 நிமிடம் 10 நொடி. அதாவது 5 கி.மீ. வேகமேதான், அதற்கு மேல் வேண்டாம். இடையில் 400 மீட்டர் மெதுவாக. இரண்டு வாரத்துக்கு ஒன்று கூட்டி 6-இல் நிறுத்திவிட்டேன். வெள்ளி: 20 நிமிடம் கிலோமீட்டருக்கு 5:35. மூன்று நான்கு சொல் பேச வரும், முழு வாக்கியம் வராது, அந்த அளவு. ஞாயிறு நீண்ட ஓட்டம் 6:45-ஐ விட வேகமாகப் போகக் கூடாது. கஷ்டமானது இதுதான்!

டிராக்கில் உள்வரிசை கிடைக்காமல் நான்காம் வரிசையில் ஓடினால் ஒரு சுற்று சுமார் 422 மீட்டர். நேரம் கூடுதலாகக் காட்டும், பதறி வேகத்தைக் கூட்டாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் கிலோமீட்டருக்குப் பத்து நொடி மெதுவாகப் போகலாம். பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பே 800-களை நிறுத்திவிடலாம்.